பசிக்குப் பசை விற்ற கம்பெனி

தெருவோரச் சிறுவன் ஒருவன் பசையை முகர்ந்து மயங்கிக் கிடந்தால், "தறுதலைப் பயல்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பலர். அந்தப் பசையைச் செய்தவன் யார், விற்றவன் யார் என்று கேட்பவர்கள் சிலர். நாம் கேட்கிறோம்.

மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் என்றொரு சின்ன நாடு. அமெரிக்க வாழைப்பழக் கம்பெனிகள் ஆட்டிப் படைத்த பூமி. (1954ல் அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து கம்பெனிகளைப் பணிய வைத்த வீர வரலாறும் அதற்கு உண்டு.) அங்கே வீடு வாசலற்ற குழந்தைகள் செருப்பு ஒட்டும் பசையை முகர்ந்தார்கள். பசி மறக்கிறது, குளிர் உறைப்பதில்லை, அடி உதைக்குப் பயமில்லை. ஆனால் அதிலுள்ள டொலுவீன் என்ற ரசாயனம் மூளையையும் நரம்பையும் சிறுநீரகத்தையும் அரிக்கிறது. சில சமயம் நெஞ்சுத் துடிப்பே திடீரென்று நின்றுவிடும். பசையின் பெயர் ரெசிஸ்டால். ஜனங்கள் அக்குழந்தைகளையே 'ரெசிஸ்டோலேரோ' என்று அழைத்தார்கள். விற்றது எச்.பி. புல்லர் என்ற அமெரிக்கக் கம்பெனி.

முகர முடியாதபடி நெடியேற, பசையில் கடுகு எண்ணெய்ச் சத்தைக் கலக்க வேண்டும் என்று 1989ல் ஹோண்டுராஸ் சட்டம் போட்டது. கம்பெனி எதிர்த்தது. அந்தச் சத்து செருப்புத் தொழிலாளியின் உடம்புக்கு ஆகாதாம்! சட்டம் காகிதத்திலேயே கிடந்தது. ஆனால் அமெரிக்காவிலேயே, பிள்ளைகள் விளையாட்டு விமானம் ஒட்டும் பசையில் டெஸ்டர்ஸ் கம்பெனி அதே சத்தை 1960களின் கடைசியிலேயே கலந்துவிட்டது. அமெரிக்கப் பிள்ளைக்கு ஆனது ஹோண்டுராஸ் பிள்ளைக்கு ஆகாமல் போனதேன்?

கூச்சல் பெருகவே, 1992ல் புல்லர் கம்பெனி ஹோண்டுராஸிலும் குவாட்டமாலாவிலும் விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது. நின்றது சின்ன டப்பா. பட்டறைகளுக்குப் பெரிய டின் போய்க்கொண்டுதான் இருந்தது. டின்னிலிருந்து புட்டிக்கு ஊற்றி விற்கத் தெருமுனை வியாபாரிக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா? டொலுவீனை மாற்றவே 1994 ஆயிற்று.

குற்றவாளி பசையல்ல, வறுமை என்றது கம்பெனி. வறுமையைப் பற்றி நமக்குக் கம்பெனி பாடம் நடத்த வேண்டியதில்லை. வறுமையில் காசு பார்த்தவன் கணக்கைத்தான் நாம் கேட்கிறோம்.

நம் நாட்டுக் கதை என்ன? பஞ்சர் கடைச் சொல்யூஷன், வைட்னர், தின்னர். மத்திய சர்க்கார் 2019ல் வெளியிட்ட கணக்குப்படி, 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 1.17 பேர் இப்படி முகர்கிறார்கள், பெரியவர்களில் 0.58. மற்ற எந்தப் போதையிலும் பிள்ளைகள் பெரியவர்களை மிஞ்சவில்லை. சிகிச்சை தேவைப்படும் பிள்ளைகள் மட்டும் சுமார் 4.6 லட்சம். குழந்தைக்குப் போதை கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை என்கிறது 2015ன் இளஞ்சிறார் நீதிச் சட்டம். அதில் மது உண்டு, புகையிலை உண்டு, பசை என்ற பெயர் இல்லை.

செருப்புத் தொழிலாளிக்காகக் கண்ணீர் வடித்தார்களே, அவர் காற்றோட்டமில்லாத பட்டறையில் நாள் முழுதும் இழுப்பதும் இதே ஆவிதான்! தண்ணீரில் கரைத்துச் செய்யும் பசை இருக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல். ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலாளர் சங்கங்கள் கூலிப் பேச்சில் இதையும் கோரிக்கையாக வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு லாக்கப் வேண்டாம். சோறும், படுக்க இடமும், பெரியாஸ்பத்திரியில் தனி வார்டும் வேண்டும் என்று ஒவ்வொரு கிளையும் கலெக்டருக்கு மனுக் கொடுக்கலாம்.