திடலோரச் சிந்தனை: உப்பும் லோணும்



சென்ற திங்கள் இப்பகுதியில், நெடுந்தொலைவு இரயிலில் செல்வோர் கட்டுச்சோறு எடுத்துச் செல்லும் பழக்கம் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த அன்பர் ஒருவர் சங்கக் கூட்டத்தில் என்னைக் கண்டு, "எந்நேரமும் வயிற்றைப் பற்றியே எழுதுகிறீரே, உண்டது செரிப்பதற்கும் ஒரு வழி சொல்லலாகாதா?" என்று கேட்டார். அவர் வேடிக்கையாகவே கேட்டார். ஆயினும் அக்கேள்வி என் நெஞ்சில் தங்கிவிட்டது. ஆகவே இத்திங்கள் விளையாட்டைப் பற்றிச் சில சொற்கள்.

விளையாட்டு என்றதும் நம் இல்லங்களில் எல்லோரும் கிரிக்கெட்டை நினைப்பர். அதில் குறை காண நான் வரவில்லை. ஆனால் செல்வர் வீட்டுத் திருமணத்தில் ஏழை உறவினர் பந்தலின் ஓரத்தில் நிற்பதுபோல, நம் மண்ணின் ஆட்டங்கள் பல ஓரத்தில் நிற்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு அண்மையில் நல்ல காலம் பிறந்திருக்கிறது. சடுகுடு என்று நாம் அழைத்த கபடி, 1990-ஆம் ஆண்டு பீகிங் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் பதக்கத்திற்குரிய ஆட்டமாக இடம்பெற்றது. 2014-இல் தொடங்கிய தொழில்முறைக் கபடிப் போட்டியால் அது வீடுதோறும் தொலைக்காட்சியில் புகுந்தது. 2017 முதல் அதில் தமிழ் தலைவாஸ் என்னும் அணியும் ஆடி வருகிறது. கோ-கோ ஆட்டத்திற்கு 2025 சனவரியில் புதுதில்லியில் உலகக் கோப்பைப் போட்டியே நடைபெற்றது. ஆடவர், மகளிர் ஆகிய இரு பிரிவுகளிலும் இந்திய அணியே வென்றது.

ஆனால் எல்லா ஆட்டங்களுக்கும் இத்தகைய பேறு கிட்டிவிடவில்லை. அப்படிப்பட்டவற்றுள் ஒன்று, என் இளமையைக் கொள்ளை கொண்ட பூப்பந்து.

பூப்பந்தின் பிறப்பிடம் எங்கள் தஞ்சைத் தரணி என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சை அரச குடும்பத்தார் அதனை விரும்பி ஆடினர் என்பது வழிவழி வரும் செய்தி. இறகுப் பந்து காற்றுக்கு அஞ்சிக் கூரைக்குள் ஒளிந்துகொள்ளும். மஞ்சள் நிறக் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த பூப்பந்தோ வெட்டவெளியில் ஆடுதற்குரியது. அதன் எடை 27 முதல் 30 கிராம்தான். பன்னிரண்டு மீட்டர் அகலமும் இருபத்துநான்கு மீட்டர் நீளமும் உள்ள களம், நடுவே ஒரு வலை, பக்கத்திற்கு ஐவர். இவ்வளவே தேவை. 1954-இல் இதற்கென அகில இந்தியக் கூட்டமைப்பு அமைந்தது. 1970-இல் ஆந்திரத்து வீரர் பிச்சையா இவ்வாட்டத்திற்காக அருச்சுனா விருது பெற்றார். நம் இரயில்வே அணியும் இதில் நெடுங்காலமாகப் பேர்பெற்றது.

எங்கள் ஊரில் பள்ளிக்குப் பின்புறம் இருந்த பூப்பந்துக் களத்தில்தான் என் மாலைப்பொழுதெல்லாம் கழிந்தது. உண்மையைச் சொன்னால் காலைப்பொழுதும் அங்கேயே கழிந்தது. பத்தாம் வகுப்பில் தேறினேன். பதினோராம் வகுப்பைப் பாதியில் விட்டேன். கூட்டுறவுக் கடையில் எடை போடும் வேலையிலிருந்த என் தந்தையார் ஒரு நாள் என் மட்டையை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டு, "பந்து சோறு போடுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். விளையாட்டு ஒதுக்கீட்டில் இரயில்வேயில் வேலை பெற்ற தோழர் எனக்கு உண்டு. என் ஆட்டம் அந்த அளவுக்கு உயரவில்லை. ஆகவே தந்தையாருக்கு விடை சொல்ல என்னால் இயலவில்லை. பின்னர்த் தேர்வெழுதிக் கலாசியாக நாகபுரிக்கு வந்தேன். துறைத் தேர்வில் வென்று எழுத்தனானேன். மட்டையை மறந்தேன்.

நிற்க. எனக்குப் பத்து வயதில் ஒரு மகன் இருக்கிறான். இந்நகரிலேயே பிறந்தவன். நான் விட்ட படிப்பையெல்லாம் அவன் படித்துத் தீர்க்க வேண்டும் என்பது என் பேராசை. பள்ளி விட்டு வந்தால் தனிவகுப்பு, அது முடிந்தால் வீட்டுப்பாடம், அதுவும் முடிந்தால் சிறிது நேரம் கைப்பேசி என்று அவன் நாளை நான் கட்டம் கட்டி வகுத்திருந்தேன். எங்கள் குடியிருப்பின் நடுவே ஒரு திடல் உண்டு. அங்கே பிள்ளைகள் கூச்சலிடுவதை அவன் சன்னல் வழியே பார்ப்பான். ஒரு நாள், தானும் போகலாமா என்று கேட்டான். "விளையாட்டு சோறு போடுமா?" என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் குரல் என்பது எனக்கு விளங்கியது. இருந்தும் அவனை நான் போகவிடவில்லை.

சென்ற தைப் பொங்கலுக்குப் பின் என் தாயார் ஊரிலிருந்து வந்தார். வயது அறுபத்தெட்டு. தந்தையார் மறைந்தபின் தனியே இருந்தவரை வற்புறுத்தி அழைத்து வந்தேன். வந்த பிறகுதான் ஒரு பெருங்குறை கண்ணுக்குத் தெரிந்தது. பாட்டிக்கும் பேரனுக்கும் பேச்சில்லை. பகைமை ஏதும் இல்லை, மொழிதான் இல்லை. நானும் என் மனைவியும் தமிழில் கேட்போம், அவன் இந்தியிலோ மராத்தியிலோ விடை சொல்வான். நாங்களும் அதை ஏற்றுக்கொண்டு பழகிவிட்டோம். அம்மாவால் அப்படிப் பழக இயலுமா? "சாப்பிட்டியா தம்பி?" என்பார். அவன் தலையை அசைப்பான். அத்துடன் உரையாடல் முற்றும். நண்பர்கள் வீட்டுக்கு வந்திருக்கையில் அப்பாயி தமிழில் கூப்பிட்டால் அவன் முகம் சுருங்குவதையும் நான் கண்டேன். அம்மாவும் கண்டிருப்பார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. இருபது நாளில், "ஊருக்கு டிக்கெட்டு போட்டுக் கொடுத்துடு, தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தனிவகுப்பு இல்லை. மகன் மீண்டும் கெஞ்சினான். ஊருக்குப் புறப்பட இருக்கும் அம்மாவுக்கும் சற்றுக் காற்றாட இருக்கட்டும் என்று எண்ணி, இருவரையும் திடலுக்கு அழைத்துச் சென்றேன். திடலின் பாதியை இப்பொழுது வண்டிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எஞ்சிய பாதியில் பிள்ளைகள் சுண்ணாம்புத் தூளால் நீண்ட கோடு ஒன்றையும், அதற்குக் குறுக்கே பல கோடுகளையும் போட்டு வைத்திருந்தனர். பக்கத்து வீட்டில் குடியிருக்கும், பணி ஓய்வு பெற்ற மராத்தியப் பெரியவர் ஒருவர் அவர்களுக்கு ஆட்டம் கற்பித்துக்கொண்டிருந்தார். எங்கள் குடியிருப்பில் அனைவரும் அவரைக் காகா என்றே அழைப்போம். மராத்தியில் அது சிற்றப்பாவைக் குறிக்கும். அம்மாவோ, "பாவம், பெரிய மனுசரைப் போய்க் காக்கா என்கிறார்களே" என்று வருந்துவார்.

ஆட்டத்தின் பெயர் ஆட்யா-பாட்யா. மராட்டிய நாட்டின் பழைய ஆட்டம். முறைப்படி ஆடினால் பக்கத்திற்கு ஒன்பதின்மர். குறுக்குக் கோடு ஒவ்வொன்றும் ஒரு பாட்டி. அதற்கு ஒரு காவலன் உண்டு, அவன் தன் கோட்டை விட்டு அகலலாகாது. நடுவே நெடுக ஓடும் கோட்டுக்குச் சூர்பாட்டி என்று பெயர், அதற்கும் தனிக் காவல் உண்டு. எதிரணியினர் காவலரின் கைபடாமல் கோடு கோடாகக் கடந்து மறுகோடி சென்று, வந்த வழியே மீள வேண்டும். பந்தில்லை, மட்டையில்லை, வலையில்லை. வலப்புறம் பாய்வதுபோல் காட்டி இடப்புறம் நழுவும் ஏய்ப்பே இதன் உயிர்.

காகா விளக்கி முடிக்குமுன் அம்மா என் கையைப் பிடித்தார். "இது கிளித்தட்டுடா!" என்றார்.

நேயர்களே, உண்மையில் அது கிளித்தட்டேதான். அறிஞர் தேவநேயப் பாவாணர் தம் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்னும் நூலில் தொகுத்துள்ள ஆட்டங்களுள் அதுவும் ஒன்று. நடுக்கோட்டில் ஓடித் திரிபவனுக்கு நம் ஊரில் கிளி என்று பெயர். தடுப்புக் கோடுகளுக்கு இடைப்பட்ட கட்டங்கள் தட்டுகள். எங்கள் தலைமுறையில் அது அருகிப் போயிற்று. நான் சிறுவனாக ஓரிரு முறை கண்டதோடு சரி. அம்மாவோ அதில் ஊறியவர்.

என் மகன் ஏறும் அணியில் இருந்தான். நான்கு கோடுகளைக் கடந்தான், ஐந்தாவதில் திகைத்து நின்றான். "கண்ணைப் பாக்காதே தம்பி, காலைப் பாரு! அவன் கால் எங்கே திரும்புதோ அதுக்கு மறுபக்கம் ஓடு!" என்று அம்மா எழுந்து நின்று கூவினார். திடலில் இருந்தவர் யாவரும் திரும்பிப் பார்த்தனர். மகனின் முகம் சுருங்கும் என்று அஞ்சினேன். அவனுக்கு அதற்கு நேரமில்லை. காவலனின் காலைப் பார்த்தான், நழுவினான். கடைக்கோடு வரை சென்று அனைத்தையும் கடந்து திரும்பி வந்து, இரு கைகளையும் உயர்த்தி, "லோண்!" என்று கத்தினான்.

"லோணாவது கீணாவது! 'உப்பு'ன்னு சொல்லுடா!" என்றார் அம்மா.

எங்கள் ஊரில் கிளித்தட்டில் கோடுகளைக் கடந்து மீண்டவன் உப்பு என்றே கூவ வேண்டுமாம். அம்மா சொன்னதை நான் காகாவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "லோண் என்றாலும் உப்புதானே!" என்றார். மராத்தியில் ஊறுகாயை லோண்ச்சே என்பதும், புல்தாணா மாவட்டத்தில் விண்கல் வீழ்ந்து உண்டான உவர்நீர் ஏரியின் பெயர் லோணார் என்பதும் அவர் எடுத்துக்காட்டினார். கபடியில் எதிரணி முழுவதையும் வெளியேற்றினால் இரண்டு புள்ளிகள் மிகுதியாகக் கிடைக்குமே, அந்த லோனாவும் இச்சொல்லே என்றார். எத்தனையோ காதத் தொலைவில் உள்ள இரு ஊர்ப் பிள்ளைகள், ஒரே வகைக் கோட்டைக் கிழித்து, ஒரே வகையாய் ஓடி, வெற்றியின் முடிவில் தத்தம் மொழியில் உப்பு உப்பு என்றே கூவி வந்திருக்கின்றனர்!

அன்றிரவு உணவின்போது மகன் முதன்முறையாகத் தானே வாய் திறந்தான். "அப்பாயி, நீ... நீ விளையாடுச்சா?" என்று தட்டுத்தடுமாறிக் கேட்டான். பிழையான தமிழ்தான். அம்மா அதைத் திருத்தவில்லை. தம் அண்ணன்மாருடன் நிலவொளியில் ஆடியதையும், தாமே கிளியாக நின்றதையும், தம்மைக் கடந்து ஒருவரும் உப்பு எடுத்ததில்லை என்பதையும் சொன்னார். "அப்புறம்?" என்றான் மகன். "அப்புறம் நான் பெரியவளாயிட்டேன், வெளியே விடலை" என்றார். மறுநாளும் அண்ணன்மாரின் ஓசையைத் திண்ணைக் கதவின் பின்னே நின்று கேட்டாராம். என் தாயாருடன் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த நான் இச்செய்தியை அன்றுதான் அறிந்தேன். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கதவின் பின்னே நின்ற சிறுமியையும் சன்னலின் பின்னே நின்ற என் மகனையும் எண்ணி அன்றிரவு நெடுநேரம் உறங்காதிருந்தேன். படிப்பு வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. பாதியில் விட்டதன் இழப்பை ஒவ்வொரு பதவி உயர்வுத் தேர்விலும் உணர்பவன் நான். ஆனால் நான் கெட்டது மாலையில் ஆடியதால் அன்று, காலையிலும் ஆடியதால்தான். அந்த வேறுபாட்டை நான் மறந்து, முழுத் திடலையும் மகனுக்கு மூடிவிட்டேன்.

இப்பொழுது மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை அவன் திடலில் இருக்கிறான். தனிவகுப்பு அதற்குப் பின். திடலைப் பிடித்துக்கொண்டிருந்த வண்டிகளில் என் வண்டியும் ஒன்று என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அதனை மறுநாளே எங்கள் கட்டடத்துச் சுவரோரம் நகர்த்தினேன். அதைக் கண்டு மேலும் இருவர் நகர்த்தினர். இன்னும் பதினொன்று நிற்கின்றன. அம்மா டிக்கெட்டைப் பற்றிப் பேசுவதில்லை. மாலையானால் பெஞ்சில் காகாவுக்கு அருகே அமர்ந்துவிடுகிறார். அவர் மராத்தியிலும் இவர் தமிழிலும் ஒரே ஆட்டத்தைக் குறித்து வாதிடுகின்றனர். இடையில் நிற்கும் என் மகன் இருவருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. அவன் தமிழ் வளர்வதற்கு நான் செய்த ஏற்பாடு எதுவும் இவ்வளவு பயன் தந்ததில்லை.

இறுதியாக இரண்டு வேண்டுகோள்கள். நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் கோலப் போட்டியும் பாட்டுப் போட்டியும் இசை நாற்காலியும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. வரும் ஆண்டு ஒரு மணி நேரத்தைக் கிளித்தட்டுக்கு ஒதுக்குமாறு செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். செலவு ஒரு பை சுண்ணாம்புத் தூள்தான். அதற்கு நம் அண்டை வீட்டு மராத்தியப் பிள்ளைகளையும் அழைப்போம். நம்மைவிட நன்றாக ஆடுவர் என்பது உறுதி.

மற்றொன்று உங்களுக்கு. இவ்விதழைப் படித்து முடித்ததும், வீட்டில் தாயாரோ பாட்டியாரோ இருந்தால், சிறுவயதில் அவர்கள் என்ன ஆடினர் என்று கேளுங்கள். ஊரில் இருந்தால் தொலைபேசியில் கேளுங்கள். ஆட்டத்தின் பெயரையும் ஊரையும் ஆடிய முறையையும் ஒரு தாளில் எழுதிச் சங்க முகவரிக்கு அனுப்புங்கள். வருபவற்றை இப்பகுதியில் ஒவ்வொன்றாக வெளியிடுவேன். கேட்கும்போது உங்கள் பிள்ளைகளும் அருகில் இருக்கட்டும்.