பசும்புல் இருந்தும் குட்டி ஏன் தேறவில்லை?

மாரி முடிந்து தை பிறந்தால் மூதூர், ஈச்சிலம்பற்று, குச்சவெளிப் பக்கத்துத் தரவைகள் பச்சைப் பசேலென்று கிடக்கும். ஆடுகளும் வயிறு முட்ட மேய்கின்றன. ஆயினும் பல வளவுகளில் ஆறு மாதக் குட்டி மூன்று மாதக் குட்டியைப் போலவே நிற்கிறது. உரோமம் மங்கி, வயிறு மட்டும் தொங்கி, மண்ணையும் சுவரையும் நக்குகிறது. கண்ணூறு என்பார் சிலர். ஊர் ஆடு இவ்வளவுதான் என்பார் வேறு சிலர். இவ்விரண்டையும் நம்பிக் கைவிட்டுவிடக் கூடாது என்பதே என் கருத்து.

இது சிறிய விடயமல்ல. 2006இல் சம்பூர்ப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது மாடும் ஆடும் பட்டியோடு போயின. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து, 2015இலும் 2016இலும் பலர் காணி திரும்பினர். அவ்வாறு திரும்பிய குடும்பத்துக்கு இரண்டு மறியாடுகள்தாம் கையிருப்பு. பிள்ளையின் கொப்பி, நோய்க்கு மருந்து, விதைநெல் எல்லாம் அந்தக் கொட்டிலில் நிற்கின்றன. தேறாத குட்டியை வியாபாரி அரைவிலைக்குக் கேட்கிறான். கடன் நெருக்கும்போது கொடுத்துவிடுகிறோம்.

புல் நிறைய இருப்பது வேறு, புல்லில் சத்து இருப்பது வேறு. அவுஸ்திரேலியாவின் தென்கரையோர மணல் நிலங்களில் செம்மறிகள் நல்ல புல்லின் நடுவே மெலிந்து மடிந்தன. முதலில் இரும்புக் குறைவு என்று எண்ணினார்கள். இரும்புக் கல்லைப் பொடித்துக் கொடுக்கச் சில ஆடுகள் தேறவும் செய்தன. 1930களில் ஆராய்ந்தபோதுதான் குணமாக்கியது இரும்பல்ல, அதில் கலந்திருந்த கோபாற்று என்று தெளிவாயிற்று. ஆட்டின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் கோபாற்றைக் கொண்டே விற்றமின் பி12ஐ ஆக்குகின்றன. தேவைப்படுவதோ உலர்ந்த தீவனம் ஒரு கிலோவில் சுமார் 0.1 மில்லிகிராம். அந்த அணுவளவு இல்லாவிட்டால் குட்டிக்குப் பசியே எடுக்காது.

நாமும் கடலோர மணலில் ஆடு மேய்ப்பவர்கள். மாரி மழை மணல் நிலத்தின் உப்புகளைக் கழுவிக்கொண்டு போகிறது. கோடையில் கொடுக்கும் வைக்கோலில் பொசுபரசு மிகக் குறைவு. அந்தக் குறை இருந்தால் ஆடு எலும்பைக் கடிக்கும். சினையாட்டுக்குச் செம்பு போதாவிட்டால் பிறக்கும் குட்டி பின்னங்காலை இழுத்து நடக்கும்.

ஆனால் எல்லா மெலிவும் கனியுப்புக் குறைவல்ல. முதலில் பார்க்க வேண்டியது குடற்புழு. இரத்தம் உறிஞ்சும் புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.05 மில்லிலீற்றர் குடிக்கிறது. ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லிலீற்றர் போய்விடும். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உட்புறம் சிவந்திருந்தால் நல்லது, வெளிறியிருந்தால் புழு மருந்து தேவை. புழுவை வைத்துக்கொண்டு கனியுப்பு கொடுப்பது ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பதாகும்.

அடுத்தது தாய். வயிற்றுக் குட்டி பெரும்பாலும் வளர்வது கடைசி 6 கிழமைகளில். அப்போது தாய்க்குத் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் ஒரு பிடி கூடுதலாகக் கிடைக்க வேண்டும். வேலியிலுள்ள கிளிசரிடியா, முள்முருக்கு, அகத்தி, பூவரசு இலைகள் காசில்லாத சத்து. கிளிசரிடியாவை ஒரு நாள் வாட விட்டுக் கொடுத்தால் விரும்பித் தின்னும். இப்பிலிப்பில் இலை மட்டும் மொத்தத் தீவனத்தில் மூன்றிலொரு பங்கைத் தாண்டலாகாது.

அதன் பிறகே கனியுப்பு. கொட்டிலில் மழைபடாமல் நக்குக் கட்டி ஒன்றைத் தொங்கவிடுங்கள். தூளானால் பெரிய ஆட்டுக்கு நாளுக்கு 10 கிராம், குட்டிக்கு அதில் பாதி. கறியுப்பும் நல்லதே, ஆனால் அதில் கோபாற்றோ பொசுபரசோ இல்லை. ஓர் எச்சரிக்கை: மாட்டுக்கும் பன்றிக்கும் உரிய கலவையைச் செம்மறிக்குக் கொடுக்க வேண்டாம். அதிலுள்ள செம்பு செம்மறியின் ஈரலில் சேர்ந்து, ஒரு நாள் திடீரெனக் கொன்றுவிடும். வெள்ளாடு செம்மறியை விடத் தாங்கும். எதுவானாலும் கால்நடை வைத்தியரிடம் கேட்டே வாங்குங்கள்.

உதவி வழங்கும் நிறுவனங்களுக்கும், திருச்சபையின் நிறுவனங்கள் உட்பட, ஒரு வார்த்தை. ஆட்டைக் கொடுத்துப் படம் எடுத்ததும் வாழ்வாதாரம் முடிந்துவிடுவதில்லை. ஜம்னாபாரி போன்ற பேருடல் ஆட்டைக் கொடுத்தால் அதற்குத் தீனியும் கூடுதலாக வேண்டும். பத்துக் குடும்பத்துக்கு இருபது ஆடு கொடுப்பதிலும், பதினைந்து ஆட்டோடு ஓராண்டுக்கு நக்குக் கட்டியும் புழு மருந்தும் வேலித் தடிகளும் கொடுப்பதே நீதி. நம் மண்ணில் எந்த உப்புக் குறைகிறது என்பதைப் புல்லையும் இரத்தத்தையும் சோதித்துத்தான் சொல்ல முடியும். மாகாணக் கால்நடைத் திணைக்களமும் பேராதனை ஆராய்ச்சி நிறுவனமும் இதைச் செய்துதர வேண்டுமென்று சங்கங்கள் எழுத்தில் கேட்கட்டும்.

மேய்ச்சல் தரையும் நம் கோரிக்கையாக வேண்டும். தரவை சுருங்கச் சுருங்க ஆடுகள் ஒரே இடத்தைக் கரம்புகின்றன. அங்கே புழு பெருகும், சத்து குறையும். எந்தத் திட்டத்துக்குக் காணி அளந்தாலும் மேய்ச்சலுக்குரிய பங்கை முதலில் ஒதுக்க வேண்டும்.

மந்தையின் நிலையை உற்றறியும்படி நீதிமொழிகள் நூலின் 27ஆம் அதிகாரம் அறிவுறுத்துகிறது. இம்மாதம் உங்கள் குட்டிகளின் இமையைப் பாருங்கள். நெஞ்சளவைக் கயிற்றால் அளந்து முடிச்சுப் போடுங்கள். அடுத்த மாதமும் முடிச்சு நகராவிட்டால் வியாபாரியை அழைக்காமல் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.