சிறுத்தையைக் காட்டித் தருகிறேன் என்பவருக்கு அனுமதி கொடுக்காதீர்கள்

நோர்வூட் பிரதேச சபையின் மதிப்புக்குரிய தவிசாளர் அவர்களுக்கு,

சபைக்கு வரும் மடல்களில் பெரும்பாலானவை பாதை, குடிநீர், தெருவிளக்கு பற்றியவையாகத்தான் இருக்கும். இது சிறுத்தை பற்றியது. சிரித்துவிட்டு ஓரமாக வைத்துவிட வேண்டாம். கடைசியில் இதுவும் குப்பை, பாதை, அனுமதிப்பத்திரம் என்று உங்கள் மேசைக்கே வந்து சேரும்.

நம் பக்கத்துச் சுற்றுலா என்றால் நெடுங்காலமாக சிவனொளிபாதமலையும் நீர்வீழ்ச்சிகளும்தான். பிறகு துரைமார் இருந்த பழைய பங்களாக்கள் 2005 முதல் வெளிநாட்டார் தங்கும் விடுதிகளாயின. அவற்றில் ஒன்றுக்கு நம் ஊரின் பெயர்தான். அதில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. ஆனால் இப்போது சிலர் புதிதாக ஒன்றை விற்கத் தொடங்கியிருக்கிறார்கள்: தேயிலைக்குள் சிறுத்தை பார்க்கலாம், இரவில் கூட்டிப் போகிறோம், கட்டாயம் காட்டுகிறோம்.

போன சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் காசல்ரீ கரையோரப் பாதையில் அப்படி ஒரு வேனைப் பார்த்தேன். இரவு பத்து மணி இருக்கும். கூரையைத் திறந்து ஒருவர் எழுந்து நின்று பெரிய டோர்ச்சை அடித்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் தேயிலை மேல் ஓடியது, ஓடைக்குள் இறங்கியது, ஏறி வந்து லயத்துக் காம்பராக்களின் சன்னல்களில் விழுந்தது. விடிந்தால் பிரட்டுக்குப் போக வேண்டிய சனம் கதவைத் திறந்து என்ன ஏதென்று பார்த்தது. வேனில் இருந்த ஒருவர் அதையும் படம் எடுத்தார். அன்றைக்கு அவர்கள் சிறுத்தையைப் பார்த்தார்களோ இல்லையோ, நம்மைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சுற்றுலாவே வேண்டாம் என்று எழுத நான் உட்காரவில்லை. நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். கொழும்பில் கடைகளுக்கு நிற்பதை விட ஊரில் வழிகாட்டியாக நிற்பது எத்தனையோ மேல். என் கேள்வி எந்தச் சுற்றுலா என்பதுதான்.

யாலவைப் பாருங்கள். அங்கே சிறுத்தை பட்டப்பகலில் பாறை மேல் படுத்திருக்கும். இந்த நாட்டில் சிங்கமும் இல்லை, புலியும் இல்லை. காட்டுக்குச் சிறுத்தைதான் பெரிய வேட்டை விலங்கு, அதனால் அங்கே அதற்கு ஒளிய வேண்டிய தேவை குறைவு. அங்கேயே என்ன நடக்கிறது? ஒரு சாரதி சிறுத்தையைக் கண்டால் மற்றச் சாரதிக்கு அழைப்பு எடுக்கிறார். சில நிமிடத்தில் ஜீப்புகள் அந்த ஒற்றைப் பாதையில் முட்டி மோதி நிற்கின்றன. சாரதியைத் திட்டிப் பயனில்லை. சிறுத்தையைக் காட்டினால்தான் கையில் சந்தோசம் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். காட்டியே ஆக வேண்டும் என்று பணம் கட்டி வருகிறவர் இருக்கும் வரைக்கும் அந்தப் பாதை அப்படித்தான் இருக்கும்.

நம் மலையில் கதை வேறு. இங்கே சிறுத்தை மனிதருக்கு நடுவில் வாழ்கிறது. சிவனொளிபாதமலைக் காட்டிலிருந்து முகட்டுத் துண்டுக்காடுகள், ஓடைக்கரைகள், பராமரிப்பில்லாமல் காடாகிப்போன தேயிலை மலைகள் வழியாக ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. பகலில் அடங்கிக் கிடந்து இரவில் நடக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்து, கிழமைக்கு ஆறு நாள் மலைக்குப் போகிற பெண்களைக் கேளுங்கள். கால் தடம் பார்த்திருப்பார்கள், மயிர் ஒட்டிய எச்சம் பார்த்திருப்பார்கள், லயத்து நாய் காணாமல் போனதைச் சொல்வார்கள். விலங்கையே நேரில் கண்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அப்படிப்பட்ட ஊரில் இரண்டு இரவு தங்குகிறவருக்குக் கட்டாயம் காட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அதற்கு இரண்டே வழிதான். டோர்ச் அடித்துத் துரத்த வேண்டும், இல்லாவிட்டால் இரை வைத்து இழுக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், நோர்வூட்டைப் பொறுத்தவரை அந்த வாக்குறுதியே குற்றத்துக்குப் போதிய அத்தாட்சி.

இரை வைத்துப் பழக்கினால் என்ன ஆகும் என்பதை அறிய ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனால் போதும். ஃபார் இன் வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் வந்து பிஸ்கட்டுக்கு நிற்கும். வாசலில் உத்தியோகத்தர்கள் பைகளைத் திறந்து பொலித்தீனைக் களைய வேண்டியிருக்கிறது. மரை கை நீட்டுபவரிடம் வந்தால் படம் அழகாக இருக்கலாம். சிறுத்தை மனிதரிடம் தீனி எதிர்பார்க்கப் பழகினால் அதற்கு விலை கொடுப்பவர் விடுதியில் தங்கியவர் அல்ல, காலையில் கொழுந்துக்கூடையோடு முதல் நிரையில் இறங்கும் பெண். உள்ளதைச் சொன்னால், நம் பெண்கள் சிறுத்தையை விடக் குளவிக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். ஆஸ்பத்திரி வாட்டைப் பார்த்தால் அந்தப் பயம் சரிதான். சிறுத்தையின் நகம் பட்டவர்களும் உண்டு, ஆனால் அது தானாகத் தேடி வந்து தாக்குவது அபூர்வம். அந்த ஒதுக்கம்தான் இரு தரப்புக்கும் காவல். அதைக் காசுக்காகக் கலைக்க யாருக்கும் உரிமை இல்லை.

இனி உங்கள் மேசைக்கு வருகிறேன்.

2020 மே 26 அன்று நல்லதண்ணி லக்சபான தோட்டத்தின் வாழமலைப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் கழுத்து மாட்டிக் கிடந்தது. மீட்டு உடவளவைக்குக் கொண்டு போனார்கள். மூன்று நாளில், 29 ஆம் திகதி, செத்துப்போனது. நாடே அதைப் பேசியது, ஏனென்றால் அது கறுப்பு. கறுப்பாக இல்லாத சிறுத்தைகள் அதே கம்பியில் மாட்டும்போது பத்திரிகையில் ஒரு மூலைச் செய்தியோடு முடிந்துவிடுகிறது.

அந்தக் கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? பழைய மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கேபிளே போதும். ஒரு முனையில் ஓடுமுடிச்சு, மறுமுனை தேயிலைத் தூரிலோ சவுக்கு மரத்திலோ கட்டியிருக்கும். பன்றி நடக்கும் தடத்தில், மண்ணிலிருந்து ஒரு முழ உயரத்துக்குள் வட்டம் தொங்கும். பன்றி தலையைக் கொடுத்து மாட்டும். சிறுத்தை மெலிந்த உடம்பு என்பதால் பெரும்பாலும் பாதி நுழைந்த பிறகு இடுப்பில் இறுகும். உதறும் ஒவ்வொரு முறையும் கம்பி உள்ளே போகும். வெளியே பெரிய காயம் தெரியாமலே உள்ளுறுப்பு நசுங்கியிருக்கும். கட்டியவருக்குச் சிறுத்தையோடு பகை எதுவும் கிடையாது. மரக்கறிப் பாத்தியைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போகிறது, அல்லது கறிக்கு ஆசை.

முதலாவது, குப்பை. பன்றி ஏன் லயத்தடிக்கு வருகிறது? குப்பைக்கு வருகிறது. தெருநாய் ஏன் பெருகுகிறது? அதே குப்பை. நாயைத் தேடிச் சிறுத்தை வருகிறது, பன்றிக்கு வைத்த கம்பியில் மாட்டுகிறது. 2018 இல் சட்டத்தைத் திருத்தும் வரைக்கும் தோட்டத்துக்குள் பிரதேச சபைப் பணத்தைச் செலவழிக்க வழியில்லை என்று நமக்குச் சொல்லப்பட்டது. அந்தச் சாட்டு இப்போது இல்லை. குப்பை வண்டி பிரதான வீதியோடு திரும்பாமல் லயத்து வாசல் வரை போனால், எந்த விழிப்புணர்வுப் பலகையையும் விட அது சிறுத்தைக்கு உதவும். சனத்துக்கும்தான்.

இரண்டாவது, தொலைபேசி. யாலவில் ஜீப்புகளைக் குவிக்கிற அதே கருவியைத் தமிழ்நாட்டு வால்பாறையில் வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். அதுவும் தேயிலை மலை, லயம், கொழுந்து பறிக்கும் தமிழ்ச் சனம். அங்கே பிரச்சினை யானை. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்த குமாரும் அவரோடு இருப்பவர்களும் யானை நிற்கும் இடத்தை மாலையில் குறுஞ்செய்தியாகத் தொழிலாளருக்கு அனுப்பினார்கள். உயரமான இடங்களில் சிவப்பு விளக்கு வைத்து, யானை நடமாட்டம் தெரிந்தால் தொலைபேசி மூலமே எரிய வைக்க உள்ளூர் ஆட்களைப் பழக்கினார்கள். யானை மிதித்து ஆள் சாவது குறைந்தது. 2015 இல் அவருக்கு விட்லி விருது கிடைத்தது. விலங்கு எங்கே நிற்கிறது என்ற தகவல் முதலில் யாருக்குப் போக வேண்டும், விடுதிக்கா லயத்துக்கா என்பதை அவர்கள் தீர்த்துவிட்டார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். இங்கும் டன்கெல்ட் தோட்டத்தில் சிறுத்தை ஆய்வு நிலையம் இருக்கிறது. அஞ்சலி வாட்சனும் அன்ட்ரூ கிட்டிலும் மலைநாட்டுச் சிறுத்தைகளைக் கேமரா வைத்து, உடல் புள்ளிகளின் அமைப்பைக் கொண்டு ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு வருகிறார்கள். அவர்களைச் சபைக்கு ஒரு நாள் அழையுங்கள். நிபுணர் நம் வாசலில் இருக்கும்போது கொழும்பிலிருந்து அறிக்கை வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது, அனுமதிப்பத்திரம். உங்கள் எல்லைக்குள் விடுதியோ சுற்றுலா நிலையமோ நடத்துகிறவர் ஆண்டுதோறும் உங்களிடம் வருகிறார். அப்போது கேட்க வேண்டியதைக் கேளுங்கள். விளம்பரத்தில் சிறுத்தையை உறுதி சொல்கிறாரா? இரவில் விளக்கு அடிக்கிறாரா? லயத்துப் பக்கம் வாகனம் போகத் தோட்ட நிர்வாகத்தை மட்டும் கேட்டாரா, அங்கே வாழ்கிறவர்களையும் கேட்டாரா? கூட்டிப் போகிறவர் எந்த ஊர், அவர் கைக்கு எவ்வளவு போகிறது? வனவிலங்கு விடயம் திணைக்களத்துக்கு உரியது, சபைக்கு அதிகாரமில்லை என்று யாராவது எழுந்து சொல்வார். விலங்கு திணைக்களத்துடையதுதான். வியாபாரமும் குப்பையும் சபையுடையவை.

இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை பிரதேச வழிகாட்டிகளுக்கு உரிமம் கொடுக்கிறது. அதற்குப் பயிற்சிக்குப் போக நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், சபை கட்டணம் கட்டட்டும். தடத்தைக் காட்டி அது எத்தனை மணிக்குப் போயிருக்கும் என்று சொல்லத் தெரிந்தவள், கேளையாடு குரைத்தால் ஏன் நின்று கேட்க வேண்டும் என்று தெரிந்தவள், காலையில் மூன்று மணி நேரம் நடத்திக் கூட்டிப் போனால் அது நல்ல சுற்றுலா. சிறுத்தை தென்படவில்லை என்று பணத்தைத் திருப்பிக் கேட்கிற பயணி நமக்கு வேண்டாம், அவர் யாலவுக்கே போகட்டும். ராஜஸ்தானின் ஜவாய்ப் பகுதியிலும் ஆட்டிடையர் ஊர்களுக்கு நடுவில்தான் சிறுத்தை இருக்கிறது. ஆடு போனாலும் பொறுத்துக்கொண்ட ரபாரி மக்கள் ஒரு பக்கம், அந்தப் பொறுமையால் பிழைத்த விலங்கைக் காட்டிச் சம்பாதிக்கும் கூடாரங்கள் மறுபக்கம். இங்கே அப்படிப் பிரிந்துபோக விடக்கூடாது. நாய் போனதும் ஆடு போனதும் நம் வாசலில்தான்.

டிசம்பர் போயாவோடு பருவகாலம் தொடங்கிவிடும், மஸ்கெலியாப் பாதை நிறைந்துவிடும். அதற்கு முந்திய அமர்வில் இந்த மூன்றையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கக் கேட்கிறேன். அமர்வுத் திகதியை அறிவித்தால், பொதுமக்கள் இருக்கையில் நாங்கள் சிலர் வந்து உட்காருவோம்.

இப்படிக்கு,
நோர்வூட் வாசி ஒருவர்