கண்ணாடிப் பெட்டியும் காற்றோட்டமும்

கம்ப்யூட்டர் பெட்டி வாங்குவதைப் பற்றி எழுத இந்தக் கிழவனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒரே தகுதிதான். தவறான பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டு கோடை அவதிப்பட்டேன்.

என் அக்காள் பிரான்சில், துலூஸில் இருக்கிறாள். வயது 84. ஞாயிறு மாலைதோறும் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசிக்கொள்வோம். கைப்பேசியின் சின்னத் திரையில் அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரிவதில்லை. சென்ற மே மாதம் ஒரு நாள், எங்கள் அம்மாவைப் பற்றி நான் கேட்டிராத ஏதோ ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் மிஷின் அணைந்துவிட்டது. மறுபடி உயிர்ப்பித்து வருவதற்குள் என்ன சொல்ல வந்தாள் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. அடுத்த வாரமும் கேட்டுப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

காரணம் சூடு. பேரன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது தன்னுடைய பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் என் பழைய பெட்டியில் மாட்டிக் கொடுத்திருந்தான். அந்தப் பெட்டியின் முகப்பு முழுக்க மூடிய பிளாஸ்டிக். பின்னால் ஒரே ஒரு விசிறி. பிராசசர் நூறு டிகிரியை நெருங்கினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். குற்றம் அதனுடையது அல்ல.

புதுப் பெட்டி வாங்கப் போனேன். கடைக்காரத் தம்பி முன்பக்கமும் பக்கவாட்டும் கண்ணாடி போட்ட ஒன்றைக் காட்டினார். உள்ளே ஏழு வண்ண விளக்குகள், தேர்த் திருவிழா போல. "எல்லாரும் இதைத்தான் ஐயா எடுக்கிறாங்க" என்றார். பேரனும் போனில் அதையே சிபாரிசு செய்தான். நான் அந்த முகப்பின் முன்னே கையை வைத்துப் பார்த்தேன். காற்று உள்ளே போக ஓரத்தில் ஒரு விரற்கடை இடுக்குதான் இருந்தது.

நம் புதுச்சேரித் தமிழ் வீடுகளை நினைத்துப் பாருங்கள். திண்ணை, நடை, முற்றம், கொல்லை, எல்லாம் ஒரே நேர்கோட்டில். வாசலில் நுழைந்த கடற்காற்று கொல்லை வழியே வெளியேறும். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு 'கூரான் தேர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், காற்றோட்டம் என்று அர்த்தம். (சளி பிடிக்கும் என்று அதற்கே பயப்படுகிறவர்களும் அவர்கள்தான். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் மே மாதத்திலும் கதவைச் சாத்தச் சொல்வார்.) கம்ப்யூட்டர் பெட்டிக்கும் இதே கணக்குதான். முன்னால் குளிர்ந்த காற்று நுழைய வேண்டும், பின்னாலும் மேலேயும் சூடு வெளியேற வேண்டும். வாசலைக் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டு உள்ளே எத்தனை விசிறி வைத்தால் என்ன?

ஆகவே என் கருத்து: மூவாயிரம், மூவாயிரத்தைந்நூறு ரூபாய்தான் கையில் இருக்கிறதென்றால் முகப்பு முழுக்கக் கம்பிவலை போட்டதை வாங்குங்கள். முன்னால் 120 மில்லிமீட்டர் விசிறி இரண்டு, பின்னால் ஒன்று, அது போதும். உள்ளே இழுப்பது வெளியே தள்ளுவதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். அப்போதுதான் தூசி கண்ட இடுக்கு வழியே நுழையாமல் வலையில் தங்கும். அந்த வலை கழற்றிக் கழுவக்கூடியதாக இருக்க வேண்டும். விசிறியை மதர்போர்டில் சொருக முடியுமா என்றும் கேளுங்கள். முடியாதவை எந்நேரமும் ஒரே வேகத்தில் இரையும். கார்டின் நீளத்தையும் பிராசசர் மேல் நிற்கும் கூலரின் உயரத்தையும் அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். நான் எழுதிக்கொண்டு போனேன், குமாஸ்தா புத்தி. தகரத்தின் உள்விளிம்புகளில் வண்ணம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள், நம் உப்புக்காற்றுக்குப் பூசாத விளிம்பு தாங்காது.

பக்கத் தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நானும் அப்படி ஓட்டினேன். பல்லி ஒன்று உள்ளே குடியேறியதுதான் மிச்சம், ஒரே மாதத்தில் எல்லாவற்றின் மேலும் தூசி கம்பளி போல் படிந்துவிட்டது. முதன்முதலில் எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கு மட்டும் ஏசி அறை. நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். அன்று சிரித்தோம், ஆனால் அது அறிவில்லாத காரியமல்ல.

எந்தப் பெட்டியும் அறையின் வெப்பத்துக்குக் கீழே குளிர்விக்காது. ஆகையால் அதைச் சுவரோடு ஒட்டியும், மூடிய மேஜை அறைக்குள்ளும் வைக்காதீர்கள். விசிறி எந்தப் பக்கம் ஊதுகிறது என்று சந்தேகம் வந்தால் ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி அருகில் பிடியுங்கள். என் பெட்டியில் முன் விசிறி ஒன்று தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது அப்படித்தான் தெரிந்தது.

கம்பிவலைப் பெட்டி வந்து எட்டு ஞாயிறு ஆகிறது, ஒருமுறைகூட அணையவில்லை. பார்க்க அழகாக இல்லை என்று பேரனுக்குக் குறை. அக்காள் ஒன்றரை மணி நேரம் பேசுகிறாள். அம்மாவைப் பற்றிய அந்த விஷயம் மட்டும் இன்னும் வரவில்லை. வாராவாரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.