வசந்தமில்லாத ஊரில் வசந்த பத்தியம்

சித்திரை பிறந்தால் சுங்கை புரோங் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு இரண்டு காகிதங்கள் வந்து சேருகின்றன. ஒன்று பஞ்சாங்கம். மற்றொன்று அதன் நிழலிலே முளைத்த ‘இளவேனிற்கால ஆரோக்கிய நியமம்’ என்னும் துண்டுப் பிரசுரம். முன்னதைப்பற்றி இத்தகைய இதழ்கள் எழுதி ஓய்ந்துவிட்டன. பின்னதைப்பற்றியோ ஒருவரும் வாய்திறப்பதில்லை. வைத்தியத்தின் பெயரால் வருவதாலும், ஆயுர்வேதம் என்ற மகுடம் தரித்து வருவதாலும், படித்தவர்களும் அதனைப் பயபக்தியோடு வாங்கிச் சுவரில் ஒட்டிவிடுகின்றனர். அவ்வாறு ஒட்டிய படித்தவர்களுள் நாமும் ஒருவர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கின்றோம்.

பிரசுரம் விதிப்பதென்ன? விடியுமுன் எழுக, கைப்பும் துவர்ப்பும் காரமும் உள்ளவற்றை உண்க, இனிப்பு, புளிப்பு, நெய்ப்பண்டம் ஆகியவற்றை விலக்குக, பழைய கோதுமையும் வாற்கோதுமையும் தேனும் கொள்க, பகலுறக்கம் ஒழிக, உலர்ந்த பொடியால் உடம்பைத் தேய்க்க, வமனமும் பேதியும் செய்து கபத்தை வெளியேற்றுக. இவை அச்சிட்டவரின் சொந்தச் சரக்கல்ல. சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானம் 6ஆம் அத்தியாயத்திலும், வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் சூத்திர ஸ்தானம் 3ஆம் அத்தியாயத்திலும் பெரும்பாலும் உள்ளவையே. அந்நூல்கள் காரணமும் கூறுகின்றன. பனிக்காலத்தில் உடம்பில் திரண்டு உறைந்த கபம், வசந்தத்து வெயிலில் உருகிப் பரவி, பசித்தீயை அவிக்கிறது. ஆகலின் அதனை வெளியேற்றி, இலகுவான உணவுண்டு, தேகப்பயிற்சி செய்யவேண்டும் என்பது அவர்கள் வாதம். அவர்கள் கண்ட நாட்டிற்கு அது பொருந்திய வாதமே. காரணம் சொல்லாமல் கட்டளையிட்டவர்களல்லர் அவர்கள்.

நாம் கேட்பது ஒன்றே. சுங்கை புரோங்கில் கபம் உறைவதற்குப் பனி எங்கே பெய்தது? உறையாதது எவ்வாறு உருகும்?

நம்முடைய ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே மூன்றரைப் பாகைக்குள் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே அரைமணி நேர வித்தியாசங்கூட இல்லை. சூரியன் மார்ச்சு மாத இறுதியில் ஒரு முறையும், செப்டம்பர் நடுவில் ஒரு முறையும் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கின்றான். உத்தராயணத்தில் சூரியன் உயிர்களின் வலிமையை உறிஞ்சுகிறான், தட்சிணாயனத்தில் சந்திரன் அதனைத் திருப்பித் தருகிறான் என்ற ஆதான விசர்க்கக் கணக்கு வடபுலத்தில் நின்று வானத்தைப் பார்த்து எழுதியது. ஆடியில் சூரியன் நமக்கு வடக்கே, மார்கழியில் தெற்கே. இரண்டிலும் நமக்கு வியர்வைதான். சித்திரை மாதமோ இந்த மேற்குக் கரையில் பிற்பகல்தோறும் இடிமழை கொட்டும் பருவம். இளவேனில் என்று ஏட்டில் எழுதிக்கொண்டு குடையைத் தேடுகின்றோம்.

ஆங்கிலப் பள்ளியிலே நாம் கற்ற வசந்தமும் வேறொருவர் வசந்தமே. பனி உருகி மஞ்சள் மலர் தலையசைக்கும் மாதத்தைப் பற்றி, வியர்த்து ஒட்டிய சட்டையோடு மனனம் செய்து ஒப்பித்தோம். அங்கே வெள்ளைக்காரனுடைய ருது. வீட்டிற்கு வந்தால் வடமொழியாருடைய ருது. வாசலில் பெய்த மழைக்கு மட்டும் இரண்டு பாடத்திலும் இடமில்லை. நம்மூர்ப் பெயருக்குப் பறவை ஆறு என்று பொருள். வடகோடிக் குளிர்நாடுகளிலிருந்து இக்கடற்கரைச் சேற்றுக்கு வரும் பறவைகள் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் திரும்பிப் பறக்கின்றன. வசந்தம் எங்கே இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியும், அதனால்தான் போகின்றன.

இது வெறும் ஏட்டுத் தகராறு என்று அன்பர் எண்ணுவராயின், ஒரு செய்தி சொல்கின்றோம். மேற்படி பிரசுரத்தை நமது அலுவலகப் பலகையில் நம் கையாலேயே ஒட்டிய ஆண்டில், செம்பனைக் குலை வெட்டும் தோழர் ஒருவர் அதனை நின்று நிதானமாகப் படித்தார். ஐம்பதை நெருங்கியவர், நீரிழிவுக்காரர். “கிராணி ஐயா ஒட்டியிருக்கிறாரே, நல்லதாகத்தான் இருக்கும்” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாராம். சனிக்கிழமை இரவு ஆமணக்கெண்ணெய் குடித்தார். ஞாயிறு முழுவதும் பேதி. உணவு கஞ்சித் தண்ணீர் மட்டும். சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல விழுங்கினார். திங்கள் விடியலில் பெரட்டுக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டு வெளிக்காட்டிற்குப் போனவர், பத்து மணிக்கு மரத்தடியில் சுருண்டு விழுந்தார். கையிலிருந்த நீளக் கம்பும் அரிவாளும் எவர் தலைமேலும் சாயாதது தற்செயல். இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிட்டதென்று மருத்துவமனையில் கூறினர். நான்கு நாள் கட்டில். நான்கு நாள் கூலி இல்லை. அந்நான்கு நாளுக்கும் அவர் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதிய பேனாவும், பிரசுரத்தை ஒட்டிய பசையும் ஒரே மேசையில் இருந்தவை. அவர் நம்மை ஒரு வார்த்தையும் குறைகூறவில்லை என்பதே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

நிற்க. நாம் ஆயுர்வேதத்தைப் பழிக்க வந்தோமென்று சிலர் கூச்சலிடக்கூடும். அதனைப் பழிக்கின்றவர்கள் இப்பிரசுரத்தாரே. ஏனெனில் அந்நூல்கள் காலத்தை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. தேசத்தையும் பார்க்கச் சொல்கின்றன. வறண்ட நிலம் ஜாங்கலம், நீர் செறிந்த நிலம் ஆனூபம், நடுத்தரம் சாதாரணம் என்று மூவகை வகுத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தோஷம் மிகும் என்றன. சுசுருத சம்ஹிதையிலே ருதுக்களுக்கு இரண்டு வரிசை காணப்படுகிறது. கங்கைக்குத் தெற்கே மழை மிகுதி, வடக்கே குளிர் மிகுதி. அதனாலேயே இரண்டு கணக்கு என்று விளக்கங் கூறப்பட்டது. ஓர் ஆற்றைத் தாண்டினாலே கணக்கை மாற்றியவர்கள், ஒரு சமுத்திரத்தைத் தாண்டி வந்தவர்களிடம் அதே கணக்கையா ஒப்புவித்திருப்பார்கள்? மலையாள நாட்டு வைத்தியர்களைப் பாருங்கள். மழை கொட்டும் கர்க்கடக மாதத்தையே, அதாவது நம் ஆடியையே, உடம்பைச் செப்பனிடும் காலமாக அவர்கள் கொண்டாடுகின்றனர். தங்கள் வானத்தைப் பார்த்தே வைத்தியஞ் செய்தார்கள். தமிழ்ச் சித்தர் மரபோ ஐந்திணைக்கும் தனித்தனி நோய்க்குணம் சொல்லி, மருதமே நோய் குறைந்த நிலம் என்றது. சுங்கை புரோங் வயல்கள் 1930களில் தொடங்கிய தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டத்தால் சதுப்பைத் திருத்தி உண்டாக்கிய மருதம். ஒரு பக்கம் நெய்தல், மறு பக்கம் செம்பனை. இந்த மருதத்துக்கு எந்த ஏட்டில் பத்தியம் எழுதியிருக்கிறது? நாம்தான் எழுதவேண்டும்.

ஒன்று சொன்னால் பிரசுரத்தார் வியப்பார்கள். அவர்கள் நூலின்படியே பார்த்தால் நம் நாடு ஆனூபம். கபமும் வாதமும் மிகுந்த நிலம். அப்படியானால் இனிப்பைக் குறை, பகலில் உறங்காதே, உடம்பை அசை என்னும் மூன்றும் சித்திரைக்கும் வைகாசிக்கும் மட்டும் உரியவையல்ல. பன்னிரண்டு மாதத்திற்கும் உரியவை. 2019ஆம் ஆண்டு எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் இந்நாட்டு இந்தியருள் வயது வந்தோரில் நூற்றுக்கு 31 பேருக்கு மேல் நீரிழிவு காணப்பட்டது. இரண்டு மாதம் தேனும் கைப்பும் உண்டு, ஆனி பிறந்ததும் கெட்டிப்பால் கலந்த தேநீருக்குத் திரும்பும் கூட்டத்துக்கு இந்தக் கணக்கு எந்த ருதுவில் குறையப்போகிறது?

இனி, இவ்விதிகள் யாருக்கு எழுதப்பட்டன என்பதையும் கேட்கவேண்டும். வசந்தத்து நடுப்பகலைத் தென்றல் வீசும் சோலையில், குளிர்ந்த நீர்நிலைக்கருகே, குயிலோசை கேட்டு, நண்பரோடு கழிக்குமாறு வாக்படர் கூறுகிறார். நம் தோழர்களும் நடுப்பகலைத் தோப்பில்தான் கழிக்கின்றனர். இருபது கிலோக் குலையைத் தோளில் ஏற்றிக்கொண்டு. அவர்களுக்கு ‘தேகப்பயிற்சி செய்க’ என்று சீட்டு எழுதுவதைவிடப் பரிகாசம் வேறில்லை. பயிற்சி வேண்டியவர் நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதும் நாமே. குலை வெட்டுகிறவருக்கு வேண்டியது நிழலும், உப்பிட்ட நீரும், வயிறார உணவும், ஒரு நாள் ஓய்வும். நூல் இரண்டு உடம்பையும் பிரித்துத்தான் பேசுகிறது. வமனமும் பேதியும் நோயாளியின் பலத்தைச் சோதித்து வைத்தியன் செய்யவேண்டிய காரியம் என்றே விதித்திருக்கிறது. சுவரைப் பார்த்துச் செய்துகொள்ளச் சொல்லவில்லை.

இம்மண்ணிலேயே நடந்த ஒன்றை நினைவூட்டுகின்றோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் கால் வீங்கி, இதயம் நின்று, ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. பிராடன் என்னும் மருத்துவர் ஓர் உண்மையைக் கவனித்தார். தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் நோய்ப்பட்டனர்; புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பினர். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்து பிரேசரும் ஸ்டாண்டனும் ஜாவானியத் தொழிலாளரிடையே இரு அரிசியையும் கொடுத்துச் சோதித்து, 1909 அளவில் குற்றவாளி தீட்டிய அரிசியே என நிலைநாட்டினர். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் அதற்கு ருதுவின் பெயரையும் சொல்லவில்லை, தோஷத்தின் பெயரையும் சொல்லவில்லை, செய்தார்கள். சோதித்தவர்களோ இந்த ஊரில் இந்த உடம்பு இதனைத் தின்றால் என்னாகிறது என்று கேட்டார்கள். ருது சரியை என்று ஒன்று நமக்கு வேண்டுமாயின் அந்தக் கேள்வியிலிருந்துதான் அது பிறக்கவேண்டும்.

நமக்கு ருதுக்கள் இல்லாமலில்லை. பிப்ரவரி, மார்ச்சில் எஞ்சிய இரப்பர் மரங்கள் இலையுதிர்த்துச் செந்தளிர் விடுகின்றன, பால் குறைகிறது. நாம் கண்ட வசந்தம் அது ஒன்றே, அதுவும் வறட்சியோடு வருவது. அடுத்து வரும் இடிமழையில் தேங்கும் நீரில் டிங்கிக் கொசு பெருகுகிறது. ஆண்டிறுதியில் பெருமழை, 2021 டிசம்பரில் சிலாங்கூர் வெள்ளத்தில் மூழ்கியதை யார் மறப்பர்? வெள்ளம் வடிந்த சேற்றில் வெறுங்காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல். இவற்றிற்கிடையே, தென்மேற்குக் காற்றோடு சுமத்ராவிலிருந்து வருகிறது புகை. 2005 ஆகஸ்ட் 11ஆம் நாள் காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் நம் கோல சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. அன்று எதிரே வருபவர் முகம் தெரியவில்லை. குழந்தைகள் இரவெல்லாம் இருமினர். சரகரும் அறியாத, வாக்படரும் அறியாத ஏழாவது ருது அது. 2015இலும் 2019இலும் மீண்டும் வந்தது. அந்த ருதுவில் என்ன உண்பது, எப்பொழுது கதவடைப்பது, எந்த முகக்கவசம் பயன்தரும், எத்தனை புள்ளிக்கு மேல் வெளிக்காட்டு வேலையை நிறுத்தச் சொல்லித் துரையிடம் கேட்பது என்று ஒரு பிரசுரமேனும் இதுவரை நம் பலகைக்கு வந்ததுண்டா? வேப்பம்பூப் பச்சடி செய்முறை வந்தது.

பிரசுரத்தின் கடைசிப் பத்தி பெரும்பாலும் ஒரு லேகியத்தின் விலையாக இருக்கும். அதனையும் தொட்டுவிடுகின்றோம். இந்நாட்டில் விற்கப்படும் பாரம்பரிய மருந்துக்கு ‘மால்’ எனத் தொடங்கி ‘டி’ என முடியும் பதிவெண் வேண்டும். ‘மூலிகை’ என்று விற்ற மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் கண்டு அரசாங்கத்தார் பலமுறை எச்சரித்துள்ளனர். அத்தகைய மருந்து வலியை மாயமாய்ப் போக்கும்; நீரிழிவை ஏற்றும். வைத்தியர் பதிவுக்கும் 2016இல் 775ஆம் சட்டம் வந்தது. பதிவெண்ணில்லாத டப்பாவைக் கோயில் வாசலில் வாங்குவோர் சரகரை நம்பி வாங்கவில்லை. விற்பவனை நம்பி வாங்குகின்றனர்.

எண்ணெய் முழுக்கை நாம் ஒழிக்கச் சொல்லவில்லை; நாமே சனிக்கிழமை தவறாமல் செய்கின்றோம். இஞ்சியும் மிளகும் வேம்பும் நம் சமையலில் இருக்கட்டும். அடுத்த சித்திரைக்குப் பிரசுரம் அச்சிட எண்ணியிருப்போர், எழுதியதை முதலில் கிளினிக்கு மருத்துவ உதவியாளரிடம் ஒரு முறையும், பதிவுபெற்ற வைத்தியரிடம் ஒரு முறையும், குலை வெட்டும் தோழரிடம் ஒரு முறையும் படித்துக் காட்டட்டும். ‘மாத்திரை உட்கொள்வோர் பேதிமருந்து குடிக்கலாகாது’ என்ற வரியைத் தமிழிலும், இன்று தோட்டத்தில் நம்மோடு உழைக்கும் இந்தோனேசியரும் வங்காளியரும் படிக்கும் மொழிகளிலும் முதல் வரியாகப் போடட்டும். மழைக்கும் புகைக்கும் வெள்ளத்துக்கும் மூன்று பத்தி ஒதுக்கட்டும். அச்சுக்கூலியில் பாதியை நாம் தருகின்றோம். ஒட்டும் பசையும் நம்முடையதே.