நலம் மதிலுக்குள் அடைபடலாகாது

செங்கல்பட்டு மாவட்டம் சிறுசேரியில், சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் எல்லைக்குள், நீரிழிவின் மரபணுக் காரணிகளை ஆராயும் மையம் ஒன்றை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திவருகிறது. அவ்வறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் இணைந்து 2023இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்பதாகவும் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயதுவந்தோருள் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. நோயின் வேரை ஆராயும் கூடம் நம் அருகிலேயே இருக்கிறது. அந்நோயை வளர்க்கும் வாழ்க்கைமுறையும் அதே ஊரில்தான் தழைக்கிறது.

சிறுசேரியில் நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து கணினியைப் பார்ப்போரைப் பற்றி அடிக்கடி பேசுகிறோம். அவர்களுக்காக வாயிற்கதவைத் திறந்துவிட்டு, இரவெல்லாம் நின்றபடி காவல் காப்பவரைப் பற்றிப் பேசுவதில்லை. விடியுமுன் தளங்களைத் துடைக்க வரும் பெண்கள், ஒப்பந்த வண்டியோட்டிகள், கட்டுமானத் தொழிலாளர்கள் ஆகியோரும் இதே நோய்களுக்கு ஆளாகின்றனர். முறை மாறி வரும் இரவுப்பணி, நேரந்தவறிய சோறு, தேநீரும் வடையுமாகக் கழியும் நண்பகல், உறக்கக் குறைவு ஆகியவை குருதியில் சர்க்கரையையும் அழுத்தத்தையும் ஓசையின்றி ஏற்றுகின்றன. கால் மரத்துப்போன பிறகோ, நெஞ்சு வலித்த பிறகோதான் பலருக்குத் தம் நோய் தெரியவருகிறது.

இதற்கு மாற்று உண்டென்பதைச் சென்னையே காட்டியிருக்கிறது. 1990களின் இறுதியில், திருமங்கலத்தின் ஏசியாட் குடியிருப்பிலும் தியாகராய நகரின் பாரதி நகரிலும் அவ்வறக்கட்டளை ஆய்வு நடத்தியது. முன்னது நடுத்தர வருவாயினரின் இடம். பின்னது ஏழை எளியோரின் இடம். நோயின் காரணங்கள் விளங்கியதும் ஏசியாட் குடியிருப்பு மக்கள் தம் பணத்தைத் திரட்டித் தாமே ஒரு பூங்காவை அமைத்தனர். அங்கு உடற்பயிற்சி செய்வோர் 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காடாகப் பெருகினர். பத்தாண்டு கழித்து மீண்டும் ஆராய்ந்தபோது, அங்கே நீரிழிவு 12.4 விழுக்காட்டிலிருந்து 15.4 ஆக மட்டுமே உயர்ந்திருந்தது. பாரதி நகரிலோ 6.5 விழுக்காட்டிலிருந்து 15.3 ஆகத் தாவியிருந்தது.

பூங்கா ஒன்றே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று கூறிவிட இயலாது. கல்வி, வருவாய், ஓய்வு நேரம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆயினும் இக்கணக்கு உணர்த்தும் உண்மை கடுமையானது. அறிவுரை எல்லார் காதிலும் விழும். அதைக் கைக்கொள்ளும் வசதி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. பணமுள்ள குடியிருப்பு தன் நலத்தைத் தானே தேடிக்கொள்கிறது. பணமில்லாத குடியிருப்புக்கு அதைத் தேடித்தர வேண்டிய கடமை அரசுக்கும் ஊராட்சிக்கும் உரியது.

தென்சென்னைப் புறநகரில் இந்த வேறுபாடு மதிலாகவே எழுந்து நிற்கிறது. நாவலூர் முதல் கேளம்பாக்கம் வரை உயர்ந்துள்ள அடுக்ககங்களுக்குள் நடைபாதையும் நீச்சல்குளமும் உடற்பயிற்சிக் கூடமும் இருக்கின்றன. மதிலுக்கு வெளியே, இராசீவ் காந்தி சாலையை ஒட்டிய பழைய ஊர்த்தெருக்களில், மாலையில் ஒரு பெண் அச்சமின்றி அரைமணி நேரம் நடப்பதற்கு இடம் தேட வேண்டியிருக்கிறது. செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளின் நிலையும் இதுவே.

தமிழ்நாடு அரசு எதுவும் செய்யவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. 2020இல் எடுக்கப்பட்ட மாநிலக் கணக்கெடுப்பில், உயர் இரத்த அழுத்தம் உள்ளோருள் 7.3 விழுக்காட்டினருக்கும், நீரிழிவு உள்ளோருள் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அந்தக் குறைக்கு நேர்மையான விடை. இரத்த அழுத்தமானியும் குளுக்கோமீட்டரும் ஏந்திய மகளிர் தன்னார்வலர், திண்ணையில் அமர்ந்து அளவெடுத்து, மாத்திரையைக் கையில் கொடுத்துச் செல்கிறார். ஒருநாள் கூலியை இழந்து மருத்துவமனை வரிசையில் நிற்க இயலாதவருக்கு அது பேருதவி. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருது இத்திட்டத்தைத் தேடி வந்தது தகுதியானதே. 2023இல் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை வகுத்த ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டமும் நல்ல தொடக்கமே.

ஆனால் மாத்திரை வாசலுக்கு வந்தது போல் நடக்கும் இடம் வாசலுக்கு வரவில்லை. மாவட்டத்துக்கு ஒரு பாதை போதாது. ஊருக்கு ஒன்று வேண்டும். பெரிய மனைப்பிரிவுகளும் அடுக்ககங்களும் தம் நிலத்தில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அந்நிலங்கள் எங்கே, எந்நிலையில் உள்ளன என்பதை ஊராட்சிகள் பட்டியலிட்டுப் பலகையில் எழுதி வைக்கட்டும். மதிலுக்குள் சிக்கியவற்றை மீட்டு, விளக்கும் நிழலும் கழிப்பறையும் அமைத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிடட்டும்.

நிறுவனங்களின் பொறுப்பும் சிறிதன்று. ஆண்டுதோறும் தம் பொறியாளர்களுக்குச் செய்யும் உடற்பரிசோதனை, ஒப்பந்தத்தில் வரும் காவலருக்கும் துப்புரவுப் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும். முடிவுகள் அவரவர் ஊரின் ஆரம்பச் சுகாதார நிலையத்தைச் சென்றடைய வேண்டும். தொடர்ச்சி இல்லாத பரிசோதனையால் பயனில்லை.

தொடர்ச்சி என்ன செய்யும் என்பதற்கு இதே மாவட்டத்தின் தெற்கே சான்று இருக்கிறது. 2006இல் சூணாம்பேட்டைச் சுற்றியுள்ள 42 சிற்றூர்களில் நடமாடும் ஊர்தி சென்று 23,000க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்தது. உள்ளூரிலேயே சிகிச்சை தரப்பட்டது. நீரிழிவாளரின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஓராண்டில் 9.3 விழுக்காட்டிலிருந்து 8.5 ஆகக் குறைந்தது. சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் மிகச் சிலரே.

சிற்றூரில் முடிந்தது சிறுசேரியில் முடியாதென்பதற்கு ஒரு காரணமும் இல்லை. அறிவு இங்கே இருக்கிறது, செல்வமும் இருக்கிறது, விதியும் இருக்கிறது. அடுத்த நிதியாண்டுக்குள் இப்பகுதியின் ஒவ்வோர் ஊராட்சியும் எல்லார்க்கும் பொதுவான ஒரு நடைத்திடலையாவது திறக்க வேண்டும். அதற்கான நிலத்தையும் நிதியையும் மாவட்ட நிர்வாகம் இப்போதே ஒதுக்க வேண்டும்.