கிளுவை வேலியைப் பிடுங்காதீர்கள்



திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. எல்லோரும் கைதட்டினோம், சரி. கைதட்டிவிட்டு ஊருக்குப் போய்ப் பொக்லைன் வைத்துக் கிளுவை வேலியைப் பிடுங்கிக் கம்பி வேலி போடுகிறோமே, இது என்ன நியாயம்?

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் கொரங்காடு அரசாங்க வனம் அல்ல. நம் பட்டா நிலம். உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை. அந்த வேலியில் பிரண்டையும் கோவைக்கொடியும் வேலிப்பருத்தியும் படரும். அடியில் கௌதாரி முட்டையிடும். கீரியும் ஓணானும் ஒண்டும். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் மேய்க்க ஆள் வேண்டாம். காங்கேயம் காளை வளர்ந்ததே இந்தப் புல்லில்தான்.

"வேலி வெட்ட ஆள் கிடைப்பதில்லை, பாம்பு வருகிறது" என்கிறீர்கள். ஆள் தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் கம்பி துருப்பிடித்தால் மறுபடி காசு. கிளுவை செத்த இடத்தில் ஒரு போத்தை ஊன்றினால் போதும். பாம்பை விரட்டிவிட்டால் எலியை யார் பிடிப்பது?

ஆனைமலைப் புலிகளை வனத்துறை பார்த்துக்கொள்ளும். பட்டா நிலத்து வேலியைக் காக்க யாரும் வரமாட்டார்கள். அது உங்கள் கையில்தான் இருக்கிறது.

கம்பி கட்டியே ஆக வேண்டுமென்றால் கிளுவைக்கு உட்புறமாகக் கட்டுங்கள். பொது வேலியென்றால் பங்காளியிடம் பேசுங்கள். நிலத்தை விற்பவர்களும் வாங்குகிறவரிடம் இதை ஒரு வார்த்தை சொல்லுங்கள். பொக்லைனுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்கள் இன்றைக்கே போன் போட்டு நிறுத்துங்கள்.